வெறும் வீட்டுக்குள் புகும் விளையாட்டு

பன்னிரண்டு வயதுக்கு மேல் விளையாடலாமாம். அந்தத் துவக்கு விளையாட்டின் முகப்பில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அப்படித்தான் போட்டிருந்தது. எந்த நாட்டில், எந்தக் குளிரூட்டிய அறைக்குள் இருந்து, எந்தப் புண்ணியவான் அந்த இலக்கத்தை எழுதினானோ தெரியாது. என் மகளுக்கு அப்போதுதான் பன்னிரண்டு முடிந்திருந்தது. ஆகவே அவன் கணக்குப்படி எல்லாம் சரி.

கூடாது என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் ஏன் கூடாது என்று நான் சொன்னதை ஒரு சீவன் காது கொடுத்துக் கேட்கவில்லை. துவக்கு, இரத்தம், சுடுகிறது, சாகிறது, அதற்குத்தான் இவள் குதிக்கிறாள் என்று ஆளாளுக்கு முடிவு கட்டிக்கொண்டார்கள். ‘பாவம், சண்டைக்குள்ள வளந்த பொம்பிளை, சத்தத்துக்குப் பயப்பிடுறா’ என்று பரிதாபப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பரிதாபம்தான் எனக்கு மண்டையில் ஏறும். பயமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கு வந்தது கோபம். இதை எழுதும்போதும் அது இறங்கவில்லை.

எனக்குத் திருநெல்வேலியில், கம்பஸ் பக்கமாக, ஒரு போட்டோகொப்பிக் கடை. கொப்பி எடுக்க வருகிற பிள்ளைகள் கடை வாசல் வாங்கில் இருந்துகொண்டு போனைக் கிடையாகப் பிடித்து, “அந்த வீட்டுக்கை ஏறு, ஏறு, உள்ளுக்கை சாமான் கிடக்கு” என்று கத்துவதை எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். படிக்க வந்ததுகள் உருப்படுமோ என்று மனதுக்குள் திட்டிவிட்டு மெசினைப் பார்ப்பேன். அது என் வீட்டு விறாந்தைக்கு வந்து சேரும் என்று நினைத்தேனா?

சேர்த்து வைத்தவர் என் கணவரின் தமையன். கனடாவில் இருக்கிறார், நான் அத்தான் என்று கூப்பிடுவேன். ஊருக்கு வந்த ஆரோ ஒருவரின் கையில் மகளுக்கென்று ஒரு போன் கொடுத்துவிட்டிருந்தார். அவருக்கும் ஒரே மகள், என் பிள்ளையைவிட இரண்டு வயது மூத்தவள். எங்களுக்கும் ஒன்றுதான். அரியாலையில் எங்கள் ஒழுங்கையில் அவளுடைய வயதுப் பிள்ளைகள் இல்லை. இருந்ததுகளும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டதுகள். கனடா அக்காதான் அவளுக்குச் சிநேகிதி, கூட்டாளி, எல்லாம். பள்ளிக்கூட விடுமுறை என்றால் காலையில் எழும்பின கையோடு போனைப் பிடித்துக்கொண்டு இருவரும் கதைப்பார்கள். பொய் சொல்லக் கூடாது, முதலில் நானும் சந்தோசப்பட்டேன். இங்கிலீசும் வரும், சொந்தமும் விட்டுப்போகாது என்று கணக்குப் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் படபடவென்று வெடிச்சத்தம். பாதித் தேங்காய் கையில் இருக்க அப்படியே ஓடினேன்.

“உதென்ன சத்தம்?”

“கேம் அம்மா. துவக்கு.”

“துவக்குச் சத்தம் உப்பிடியே கேக்கிறது? தகரத்தில கல்லெறிஞ்ச மாதிரிக் கிடக்கு.”

என் கணவர் பேப்பரை இறக்கிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “பார் பிள்ளை, கொம்மா பிழை பிடிக்கிறா. சத்தம் சரியில்லையாம்!”

அவர் எப்போதும் அப்படித்தான். எதையும் சிரித்துக் கடந்துவிடுவார். நான் கத்தத் தொடங்கியதும், “இஞ்சாரும், முதல் அது என்னெண்டு பாரும். இருந்து விளையாடிப் பாத்துப்போட்டுப் பிறகு சொல்லும், கூடும் கூடாதெண்டு. பாக்காமல் கத்தாதையும்” என்றார். அதில் நியாயம் இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். போனை என் கையில் தந்தாள். அந்தப் பக்கத்தில் கனடா அக்காவின் குரல், “ஹாய் சித்தி!” என்றது.

விமானத்திலிருந்து குதிக்கிறது, குடை விரிகிறது, கீழே வயல், ஒரு வாய்க்கால், பிறகு ஒரு சின்ன ஊர். நல்ல வடிவாகத்தான் செய்திருக்கிறார்கள், அதை நான் மறுக்கமாட்டேன். இறங்கியதும் மகள் பதறினாள். “ஓடுங்கோ அம்மா, ஓடுங்கோ! அந்த மஞ்சள் வீட்டுக்கை போங்கோ!”

விரலால் தள்ளித் தள்ளி ஓடினேன். மஞ்சள் வீட்டைச் சுற்றி ஒரு மதில், மதிலில் ஒரு வாசல். அந்த வாசலில் நின்றேன்.

“ஏனம்மா நிக்கிறியள்?”

“கூப்பிட வேண்டாமோ?”

“ஆரை?”

“வீட்டுக்காரரை.”

அவ்வளவுதான். எங்கிருந்தோ ஒருவன் சுட்டான், நான் செத்துப்போனேன். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அக்கா, கேட்டனியளோ, அம்மா வீட்டுக்காரரைக் கூப்பிடப் போனவவாம்!” கனடாவும் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். எனக்கே ஒரு கணம் சிரிப்பு வந்ததுதான்.

எங்கள் பக்கத்தில் வாசல் படலைக்கு வெளியே நின்று ‘வீட்டுக்காரர்!’ என்று கூப்பிடாமல் ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார்கள். கறன்ற் பில் கொண்டு வருகிறவர், மீன்காரர், கலியாணம் சொல்ல வருகிறவர், எல்லாரும் அப்படித்தான். சண்டை பிடிக்க வருகிறவர்கூடப் படலையில் நின்று கூப்பிட்டு, ஆள் வெளியே வந்த பிறகுதான் சண்டையைத் தொடங்குவார். பெயர் தெரிந்தாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்த வீட்டுக்கு உரித்தான ஆள் ஆரோ, அவர் வாய் திறந்து பதில் சொல்லட்டும் என்பதுதான் அதன் பொருள். ‘ஓம், ஆர்? வாங்கோ’ என்று உள்ளேயிருந்து குரல் வந்தால்தான் படலைக் கொழுக்கியில் கை வைக்கலாம். என் மகள் சின்னதாக இருந்தபோது பக்கத்து வீட்டுக்குள் கூப்பிடாமல் ஓடினதற்கு என்னிடம் அடி வாங்கியிருக்கிறாள்.

இரண்டாம் முறை விளையாடினேன். இந்த முறை மகள் சொன்னபடி நிற்காமல் உள்ளே போனேன். கதவு தானாகவே திறந்தது. முன்னுக்கு ஒரு கூடம், நாற்காலிகள், மேசையில் இரண்டு கோப்பை. அடுத்த அறையில் கட்டில், விரித்த விரிப்பு, தலையணை. குசினித் தட்டில் சட்டி பானை. கட்டிலுக்குப் பக்கத்தில் துவக்கு, அலுமாரியடியில் அதற்குப் போடுகிற ரவை, குசினியில் மருந்துப் பெட்டி. எடுங்கோ, எடுங்கோ என்று பிள்ளை அந்தரப்பட்டாள். நான் அந்தக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உது ஆற்றை வீடு?”

“ஒருத்தற்றையும் இல்லை.”

“அப்ப கோப்பை ஆற்றை? ஆரோ தேத்தண்ணி குடிச்சிருக்கினம்.”

“ஐயோ அம்மா, அது சும்மா. வெறும் வீடு.”

“இருந்த சனம் எங்கை போனது?”

“சனமே இல்லை அம்மா. வெறும் வீடு எண்டு சொல்லுறன், விளங்கேல்லையோ? முதல் வீடுகளுக்கை புகுந்து லூட் பண்ண வேணும். பிறகுதான் சண்டை.”

லூட். கொள்ளைக்கு அவர்கள் வைத்த அந்தச் சொல்லை அவள் சோறு, தண்ணி என்று சொல்வதைப் போலச் சொன்னாள். போனை மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன். காது இரண்டும் சூடேறிவிட்டது.

அன்றைக்கே எனக்கு விசயம் விளங்கிவிட்டது. துவக்கைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் பிள்ளை துவக்கைக் கண்டால் துவக்கென்று அறிவாள், அது கூடாது என்று பள்ளிக்கூடம் சொல்லும், கோயில் சொல்லும், ரீவி சொல்லும். ஆனால் ஆளில்லாத ஒரு வீட்டைக் கண்டால், அதில் ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் எங்கோ போக வேண்டி வந்தது என்று நினைப்பாளா, அல்லது உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்ப்பாளா? எனக்கு அது ஒன்றுதான் கேள்வி. வேறு பிள்ளைகள் எப்படி வளர்ந்தாலும் வளரட்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்கு இது தெரியாமல் போகலாமா?

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறது என்று ஊரோடு சேர்ந்து நாங்களும் தென்மராட்சிக்கு ஓடினபோது எனக்கு அவளுடைய வயது. அம்மா கூட்டித் துடைத்து, சாமியறையில் விளக்கு வைத்து, கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வெளிக்கிட்டவா. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது திறப்பு இருந்தது, திறக்கக் கதவு இல்லை. யன்னல் இல்லை. தையல் மெசின், கிணற்றுக் கப்பி, என் அரிச்சுவடி தொடக்கம் வைத்திருந்த புத்தகங்கள், ஒன்றும் இல்லை. கோதாரி விழுவார் அம்மிக்கல்லைக்கூட விடவில்லை. அம்மியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் என்ன நினைத்துக்கொண்டு தூக்கியிருப்பான்? வெறும் வீடு என்றுதான்.

அடுத்தவனை மட்டும் திட்டிவிட்டு நிற்க எனக்கு வாய் வராது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் ஆளுயரக் கண்ணாடி வைத்த அலுமாரி ஒன்று வந்திறங்கியது. நாங்கள் சின்னப் பெட்டைகள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைவாரி இழுப்போம். அது ரவுணில் இருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் அலுமாரி. தொண்ணூறில் இயக்கம் அந்தச் சனத்தை உடுத்த உடுப்போடு வெளியேற்றிய பிறகு, அந்த வீடுகளில் கிடந்தது ஊரெல்லாம் பரவியது. வளர்ந்த பிறகு அந்த வீட்டு மாமியிடம் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். “ஆக்கள் இல்லாத வெறும் வீட்டில கிடந்தது தானே பிள்ளை” என்றா. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கோயிலுக்கு முதல் ஆளாகப் போகிற மனிசி அவா. அந்தச் சொல்லைத்தான் என் பிள்ளை இப்போது என் விறாந்தையில் இருந்து சொல்கிறாள்.

போனிலிருந்து அந்த விளையாட்டை அழித்தேன். பிள்ளை ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எதைக் கேட்டாலும் “ம்”. சோற்றை அளைந்துவிட்டு எழும்புவாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், தென்மராட்சிக்கு ஓடினதையும் திரும்பி வந்ததையும் அவளுக்குச் சொன்னேன். அதுவரைக்கும் சொன்னதே இல்லை. கவனமாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, “அப்ப அம்மா, உங்கடை வீட்டை ஆர் லூட் பண்ணினது?” என்றாள்.

கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. கையை மடக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீரை அள்ளி முகத்தில் ஊற்றினேன். பின்னால் வந்து நின்று அழுதாள். “எனக்கு வேற ஆர் இருக்கினம் அம்மா? அக்கா விளையாடுற நேரத்தில மட்டுந்தான் கதைப்பா. இப்ப வேற ஆக்களோடை விளையாடுறா.” அதுவும் உண்மைதான். எனக்கு இன்னும் ஆத்திரம் கூடியது. ஒரு தங்கச்சியோடு கதைப்பதற்கு ஊர் வீடெல்லாம் உடைத்துப் புகுந்தால்தான் முடியுமா?

அத்தான் போன் எடுத்தார். அவருடைய பிள்ளை போய் முறைப்பாடு சொல்லியிருக்கிறாள்.

“என்ன, பிள்ளையளை விளையாட விடேல்லையாம்?”

“ஓம் அத்தான். எனக்கு அது பிடிக்கேல்லை.”

“நீங்கள் அங்கை இருந்துகொண்டு இன்னும் அந்தச் சண்டைக்கையே நிக்கிறியள். உலகம் எங்கையோ போட்டுது.”

“உலகம் போகட்டும். வீட்டுக்காரனைக் கேட்டுட்டுப் போகட்டும்.”

“விசர்க்கதை கதைக்காதையும். அது கொம்பியூட்டர் வீடு. கல்லும் இல்லை, மண்ணும் இல்லை.”

“துவக்கும் கொம்பியூட்டர் துவக்குத்தானே? அதுக்கேன் வயசு போட்டு வைச்சிருக்கிறாங்கள்? சுடுறதுக்கு வயசு பாக்கிறவங்கள், வீடு புகுறதுக்கு ஏன் பாக்கேல்லை?”

“நீர் படிச்ச பொம்பிளை” என்றார். அதற்கு என்ன அர்த்தமென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடும்பம் இரண்டாகியிருக்கும். “ஆவணியில நாங்கள் வாறம்தானே. நேரில கதைப்பம்” என்று வைத்துவிட்டார். என் கணவரிடம் திரும்பி, “உங்கடை அண்ணை கண்டறியாத ஞாயம் கதைக்கிறார்” என்றேன். அவர் அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்படியே பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

ஆவணியில் தகப்பனும் மகளும் வந்தார்கள். பெறாமகளைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டேன். அருமையான பிள்ளை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுவாள். தமிழ் கொஞ்சம் கொன்னும், ஆனால் வெட்கப்படாமல் கதைப்பாள். ஒன்றுதான், ஆருடைய படலையைக் கண்டாலும் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். என் மகள் சட்டையைப் பிடித்து இழுத்து, “கூப்பிடுங்கோ அக்கா” என்று சொல்லிக் கொடுப்பாள். பெறாமகளின் போனில் அந்த விளையாட்டு இருந்தது. அறைக்குள் இருவரும் குசுகுசுத்துக்கொண்டு விளையாடுவது எனக்குத் தெரியும். விருந்துக்கு வந்த பிள்ளையின் போனைப் பறிக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு மிளகாய் இடித்தேன்.

அவர்கள் வீடு காங்கேசன்துறைப் பக்கம். தொண்ணூறில் ஊரே கிளம்பியபோது அத்தானுக்குப் பதினேழு வயது, என் கணவர் சின்னப் பொடியன். அதற்குப் பிறகு அந்தக் காணி ஆமியின் கம்பிவேலிக்குள் போய்விட்டது. அவர்கள் அதை விட்டு இப்போது சில வருசங்கள். விட்டதும் என் கணவர் ஒருமுறை போனவர். றோட்டிலேயே சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துவிட்டார். அந்த ஒரு நாள்தான் அவர் சிரிக்காத நாள். அத்தான் கனடாவுக்குப் போனவர், போனவர்தான். இந்த முறை பார்த்தே ஆகவேண்டும் என்று வான் பிடித்தார். நாங்கள் ஐந்து பேரும் போனோம்.

வான் முழுக்க அவர் கதைதான். முன்வாசலில் முல்லைப் பந்தல். சிவப்புச் சீமெந்துத் தரை, முகம் பார்க்கலாம். தேக்குக் கதவு, அதன் நிலையில் பாட்டன் அப்பு செதுக்குவித்த பூ. கிணற்றடியில் கறுத்தக்கொழும்பான் மாமரம். அவருடைய பிள்ளை போனிலிருந்து கண்ணை எடுத்து, “அந்த மாமரத்தில ஊஞ்சல் கட்டினதெண்டு சொன்னனீங்கள் என்ன அப்பா?” என்று கேட்டாள். அப்படியென்றால் அவர் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த நிமிசம் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது.

சீமெந்துத் தொழிற்சாலையின் பாழடைந்த கட்டடம் தெரியத் தொடங்கியதும் அவர் கதை நின்றுவிட்டது.

படலைத் தூண்கள் இரண்டும் நின்றன. படலை இல்லை. கூரை இல்லை, ஓடு இல்லை, யன்னல் இருந்த இடங்களில் ஓட்டை. குசினிக்குள் வேம்பு ஒன்று வளர்ந்து சுவரைப் பிளந்திருந்தது. மாமரம் இருந்த இடத்தில் அடிமரம்கூட இல்லை. அத்தான் தூணைக் கடந்து உள்ளே போய், கதவு இருந்த இடத்தில் நின்று சுவரைத் தடவினார். நிலையைக் கிளப்பிய இடத்தில் கல்லெல்லாம் பெயர்ந்து கிடந்தது.

“நிலையையும் பிடுங்கிக்கொண்டு போட்டாங்களடா” என்றார் என் கணவரைப் பார்த்து. “அப்புவின்ரை நிலை. நாசமாப் போவார். ஒருத்தரும் கேக்க மாட்டினம் எண்டு நினைச்சுத்தானே?” என் கணவர் அண்ணைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் போன் கதையை நினைவூட்ட நான் அவ்வளவு கெட்டவள் இல்லை.

அப்போதுதான் பெறாமகள் பக்கத்து யன்னல் ஓட்டையால் ஏறி உள்ளே குதித்தாள். குனிந்து, முதுகைச் சுவரோடு ஒட்டி, மூலைக்கு மூலை எட்டிப் பார்த்து, அறைக்கு அறை தாவினாள். வேகமாக, பழகின மாதிரி. என் மகள் வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவள் உரத்துச் சொன்னாள்: “லூட் ஒண்டும் இல்லை! ஆரோ முதலே வந்து கிளியர் பண்ணிட்டினம்!”

அத்தான் இரண்டு எட்டில் அவளிடம் போனார். அறைந்த சத்தம் அந்தக் கூரையில்லாத வீட்டில் எதிரொலித்தது.

பிள்ளை கன்னத்தைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். அழவில்லை. அடி என்றால் என்னவென்று அறியாத பிள்ளை, அது நடந்துவிட்டது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. “ஏன் அப்பா? ஏன் அடிச்சனீங்கள்? இது வெறும் வீடுதானே?”

அவர் திரும்பவும் கையைத் தூக்கினார். நான் நடுவில் புகுந்துவிட்டேன். கலியாணம் கட்டி வந்த நாள் தொடக்கம் அவருக்கு முன்னால் குரல் உயர்த்தாதவள் நான்.

“கையை எடுங்கோ! ஆரை அடிக்கிறியள்? போனை ஆர் வாங்கிக் குடுத்தது? ஆர் சொன்னது கல்லும் இல்லை மண்ணும் இல்லை எண்டு? கனடாவில நிண்டு எனக்கு உலகம் படிப்பிச்சனீங்கள். இப்ப உங்கடை வீடு எண்ட உடனை நோகுதோ? அதுக்கு இந்தப் பிள்ளையின்ரை கன்னமோ கிடைச்சது?”

“விடும், இது எங்கடை விசயம்…”

“உங்கடை விசயம் இல்லை! என்ரை பிள்ளையும் அங்கை நிண்டு பாத்துக்கொண்டு நிக்குது!”

என் கணவர், “விடும், விடும்” என்றார். “நீங்கள் சும்மா இருங்கோ, சிரிச்சுச் சிரிச்சே எல்லாத்தையும் கெடுத்தது நீங்கள்தான்” என்று அவர்மேலும் பாய்ந்தேன். தொண்டை நோகக் கத்தினேன். அந்த ஊரில் அதைக் கேட்க ஆளும் இல்லை.

பெறாமகள் சுவரோரம் இருந்துவிட்டாள். இப்போது அழுதாள். விக்கி விக்கி, பாதித் தமிழில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். “நான் நினைக்கேல்லை. ஊஞ்சல் வீடு இதுதான் எண்டு நான் நினைக்கேல்லை.”

அவளுடைய மனதில் இருந்த வீட்டில் முல்லைப் பந்தல் இருந்தது, கதவு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். இது அவள் ஒவ்வொரு நாளும் புகுந்து வெளியேறுகிற இடம்.

அத்தான் அவளைத் தூக்கப் போகவில்லை. என் மகள்தான் போனாள். கையைப் பிடித்து எழுப்பி, இழுத்துக்கொண்டு, கதவில்லாத வாசலால் வெளியே, முற்றத்தைக் கடந்து, படலைத் தூண்களுக்கும் அப்பால் றோட்டுக்கே கொண்டுபோய் விட்டாள். வானில் ஏறப்போகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேரும் திரும்பி, தூண்களுக்கு வெளியே, படலை இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் நின்றார்கள். என் மகள் அவளுடைய காதில் ஏதோ சொன்னாள்.

பிறகு என் மகள் கூப்பிட்டாள். “வீட்டுக்காரர்!”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு மற்றவளும் தன் கொன்னல் தமிழில் கூப்பிட்டாள். “வீற்றுக்காரர்!”

காற்றுத்தான். வேம்பு கொஞ்சம் ஆடியது. அண்ணனும் தம்பியும் உள்ளே, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார்கள்.

“வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!”

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. அந்தப் பிள்ளைகள் வெயிலில் நின்று முறையாகக் கூப்பிடுகிறார்கள். இந்த இரண்டு ஆம்பிளைகளும் வேறு ஆரோ வந்து பதில் சொல்லுவார்கள் என்று நிற்கிறார்கள்.

“கூப்பிடுறது கேக்கேல்லையோ?” என்று கத்தினேன். “ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வீட்டுக்காரர் நீங்கள்தானே! வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!”

அத்தான் வாயைத் திறந்தார். செருமினார். பிறகு, அவருடைய குரலே இல்லாத ஒரு குரலில், “ஓம்” என்றார். “ஓம்… நிக்கிறம். வாங்கோ பிள்ளையள், உள்ளுக்கை வாங்கோ.”

வந்தார்கள். கதவு இருந்த படியடியில் என் மகள் நின்று செருப்பைக் கழற்றினாள். மற்றவளும் அவளைப் பார்த்து, குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தாள். உள்ளே முழுக்க முள்ளும் உடைந்த ஓடும். கழட்டாதையுங்கோ என்று கத்த வாயெடுத்தேன். கத்தவில்லை. இரண்டு பேரும் வெறுங்காலோடு, இடம் பார்த்துப் பார்த்து உள்ளே வந்தார்கள்.